கருடனைச் சுடச் சொன்ன சனிக்கிழமை

எங்கள் வீட்டில் சனிக்கிழமை அசைவம் கிடையாது. பெருமாளுக்கு உகந்த நாள் என்று மனைவி ஒரு முட்டையைக்கூட உடைக்க விடமாட்டாள். இந்த ஊர்க்காரர்களோ வாத்து வேட்டையை மே மாதத்து முதல் சனிக்கிழமையில்தான் தொடங்கி வைக்கிறார்கள். என் முதலாளி என்னை அதற்கு அழைத்தபோது, வீட்டில் இதை எப்படிச் சொல்வது என்பதுதான் என் முதல் கவலை. அவரிடம் எப்படி வரமாட்டேன் என்று சொல்வது என்பது இரண்டாவது. இரண்டில் எது சுலபம் என்று யோசித்ததில் வீட்டில் சொல்வதுதான் சுலபம் என்று பட்டது. அப்போது நான் இருந்த நிலைமை இதிலிருந்தே உங்களுக்குப் புரியும்.

நான் குளிர்சாதன மெக்கானிக். சூப்பர்மார்க்கெட்டுகளின் நீளமான ஃப்ரீசர்கள், கறிக்கடைகளில் ஆள் உள்ளே நுழையக்கூடிய கூல் ரூம்கள், இவைதான் என் வேலை. நாமக்கல்லில் கற்றுக்கொண்ட தொழில் என்னை ஆக்லாந்துக்குக் கொண்டுவந்து தகனினியில் ஒரு வாடகை வீட்டில் உட்கார வைத்தது. மனைவி பக்குரங்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். மகள் இங்கே பள்ளிக்கூடம் போகிறாள். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும். மூன்று பேருக்கும் சேர்த்து ரெசிடென்ஸ் விசாவுக்குப் போட்டிருந்தோம். இந்த ஆள் எங்களுக்குத் தொடர்ந்து வேண்டும் என்று கம்பெனி சொன்னால்தான் அது நகரும். எங்கள் கம்பெனி என்பது சில வேன்களும் ஒரே ஒரு மனிதரும். அந்த மனிதரிடம் விசா ஆபீசிலிருந்து கேட்டிருந்தார்கள். அவர் பதில் அனுப்பினாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டால் நச்சரிக்கிறான் என்று நினைப்பாரோ என்று நான் கேட்கவும் இல்லை.

அவர் கெட்டவர் இல்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அதிகம் பேசாதவர். பேசினாலும் இங்கிலீஷில் நீயும் நீங்களும் ஒன்றுதானே, அவர் என்னை எந்த இடத்தில் வைத்துப் பேசுகிறார் என்று என்னால் கண்டுபிடிக்கவே முடிந்ததில்லை. ஊரில் ஒரு மனிதர் வாயைத் திறந்தால் முதல் வார்த்தையிலேயே நாம் எங்கே உட்கார வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்துவிடும். இங்கே எல்லோரும் சிரித்துப் பேசுகிறார்கள், நான் மட்டும் வீட்டுக்கு வந்து அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் தேடிக்கொண்டிருப்பேன். அதனால் அவர் எது சொன்னாலும் யெஸ். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வர முடியுமா, யெஸ். ஆர்.ஓ. வாட்டர் மாதிரி இருக்கும் அவருடைய காபியைக் குடிக்கிறாயா, யெஸ். வாத்து சுட வருகிறாயா என்று அவர் கேட்டு முடிக்கும் முன்பே என் தலை ஆடிவிட்டது.

பக்கத்து வீட்டு அண்ணனிடம் போய்ப் புலம்பினேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், பஸ் ஓட்டுகிறார், இங்கே வந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. "போங்கோ தம்பி," என்றார். "இஞ்சத்த ஆக்கள் வேலையிடத்தில உண்மையாக் கதைக்க மாட்டினம். வெளியில கூட்டிக்கொண்டு போனாத்தான் கதைப்பினம். உங்கட விசா விசயமும் அங்கதான் வெளிச்சமாகும்." பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டு, "எனக்கெண்டா வெடிச் சத்தம் ஒத்துவராது. அண்டைக்கு விடிய யன்னல் எல்லாத்தையும் பூட்டிப்போட்டு டிவியைப் பெலத்து வச்சிடுவன்," என்றார். தகனினியைத் தாண்டினால் பண்ணைகள்தான். சீசன் தொடங்கும் காலையில் எங்கள் தெருவுக்கே தூரத்துச் சத்தம் கேட்கும்.

மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "விசாவுக்காகத்தானே போறீங்க?"

"ஆமா."

"அப்ப போய்ட்டு வாங்க. ஆனா அந்தக் கையோட பூஜை ரூமுக்கு வராதீங்க."

விடிவதற்கு முன்பே முதலாளி வந்து ஹார்ன் அடிக்காமல் வாசலில் காத்திருந்தார். கிளீவ்டன் பக்கம் அவருக்கு அப்பா விட்டுப்போன நிலம் இருக்கிறது. அதில் ஒரு மூலை எப்போதும் சொதசொதவென்று ஈரமாகவே கிடந்ததாம். அங்கே குளம் வெட்டி, கரையெல்லாம் செடி நட்டு, மாடு இறங்காமல் வேலி போட்டிருக்கிறார். வருஷம் முழுவதும் அந்தக் குளத்துக்காக உழைக்கிறார், சில வாரங்கள் மட்டும் அதில் சுடுகிறார். டார்ச் வெளிச்சத்தில் வேலியோரம் ஒரு மரப்பெட்டிப் பொறியைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு ஸ்டோட் கம்பிக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. கீரியை இழுத்து மெலிய வைத்தது போல ஒரு பிராணி. "இது ஒண்ணு போதும், ஒரு கூட்டுல இருக்கிற அத்தனை முட்டையும் காலி," என்றார். அவர் சொன்னது இங்கிலீஷில். நான் என் தமிழில் எழுதுகிறேன். எனக்கு அந்த ஸ்டோட் மேல் இரக்கம் வரவில்லை. முட்டை ஊர்க்காரன் நான், முட்டை திருடும் ஜந்துவுக்காக ஏன் இரக்கப்பட வேண்டும்?

குளத்தின் கரையில் தகரமும் நாணலும் வைத்து ஒரு மறைவிடம் கட்டியிருந்தார்கள். அதற்கு இங்கே மைமை என்று பெயர். எதிர்க்கரையில் இன்னொரு மைமை, அதில் அவருடைய தம்பி. தண்ணீரில் பிளாஸ்டிக் வாத்துகள் மிதந்தன. எனக்கு மார்பு வரை வரும் ரப்பர் கால்சட்டை ஒன்றைக் கொடுத்திருந்தார். லைசென்ஸ் உள்ளவர் பக்கத்திலேயே இருந்தால் நானும் சுடலாமாம். வாத்துக்கான ஒருநாள் அனுமதியை எனக்காக அவரே வாங்கி வைத்திருந்தார். உட்கார்ந்ததும் ஒரு விதியை மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். அவர் சொல்லாமல் நான் இந்த இடத்தை விட்டு வெளியே போகக்கூடாது. எதிரே துப்பாக்கி இருக்கிறது. புரிந்ததா? யெஸ் என்றேன். நான் யெஸ் சொல்லும் வேகத்தைப் பார்த்து அவருக்குத் திருப்தியாக இருந்திருக்கும்.

இருட்டு கலைய ஆரம்பித்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பூனை நடந்தது. வரி போட்ட பூனை, நல்ல சதை. முதலாளி துப்பாக்கியைத் தூக்கினார், கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார், பிறகு இறக்கினார். காட்டுப்பூனையாக இருந்தால் விடமாட்டாராம். பறவை சுடப் போகிறவன் இப்படிப் பறவையைப் பிடித்துத் தின்னும் பிராணிகளைக் கண்டால் சுடுவதுதான் முறை, அது வேட்டையில் பாதிக் கடமை என்றார். "ஆனா இது பக்கத்துப் பண்ணை அம்மாவோட பூனையா இருக்கலாம். அவங்ககிட்ட வாங்கிக் கட்டிக்க முடியாது." பூனை நிதானமாக நாணலுக்குள் போனது. யாருக்காவது சொந்தமாக இருந்தால் தப்பித்துவிடலாம் போல என்று நினைத்துக்கொண்டேன். அப்படியென்றால் நான் யாருக்குச் சொந்தம், இந்த ஊரில்? இப்போதைக்கு என் பக்கத்தில் தொப்பியோடு உட்கார்ந்திருக்கும் இந்த மனிதருக்குத்தான்.

அப்போதுதான் அது வந்தது. குளத்துக்கு மேலே தாழ்வாக, இறக்கையை லேசாக மேலே தூக்கி வைத்துக்கொண்டு, அடிக்காமல் மிதந்து வந்த ஒரு பருந்து. எங்கள் ஊர்க் கருடனுக்கு இருக்கும் வெள்ளைக் கழுத்து இதற்கு இல்லை, நிறமும் வேறு. இருந்தாலும் இங்கே வந்த நாளிலிருந்து எங்களுக்கு இதுதான் கருடன். மோட்டார்வேயில் அடிபட்ட முயலைக் கொத்திக்கொண்டிருந்தாலும் மனைவி காருக்குள்ளிருந்தே கன்னத்தில் போட்டுக்கொள்வாள். அதுவும் சனிக்கிழமை காலையில், சூரியன் வரும் நேரத்தில். நான் எழுந்து நின்றேன். தொப்பியைக் கழற்றினேன். கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிட்டேன். இதையெல்லாம் செய்கிறேன் என்பதே அப்போது எனக்குத் தெரியவில்லை.

அதே நேரத்தில் ஒரு வாத்துக்கூட்டம் குளத்தில் இறங்கப் பார்த்திருக்கிறது. மறைவிடத்துக்குள்ளிருந்து ஒரு மனிதன் எழுந்து கன்னத்தில் அடித்துக்கொள்வதைக் கண்டதும் மொத்தமாக மேலேறித் திரும்பிவிட்டது. எதிர்க்கரையிலிருந்து தம்பி ஏதோ கத்தினார். அது என்ன வார்த்தை என்று நான் இங்கே எழுத மாட்டேன்.

முதலாளி என்னைப் பார்த்தார். "என்ன அது?"

கடவுளின் வாகனம் என்று சொன்னேன். வாகனம் என்பதற்கு எனக்கு வந்த இங்கிலீஷ் வெஹிகிள். கடவுளின் வெஹிகிள் என்றதும் அவர் தோள் குலுங்கியது. கோபமா சிரிப்பா என்று புரிய எனக்கு நேரம் பிடித்தது. சிரிப்புதான். "உங்க கடவுளோட வெஹிகிள் என் வாத்துக்குஞ்சுல பாதியைத் தின்னுடுது," என்றார். அப்பா காலத்தில் பருந்தின் காலை வெட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தால் காசு கொடுப்பார்களாம். இப்போது சட்டம் அப்படியும் இப்படியுமாக இருக்கிறதாம். சும்மா சுடக்கூடாது, சொந்த நிலத்தில் சேதம் செய்தால் வேறு கதை என்றார். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். கூட்டத்தைக் கலைத்துவிட்டேனே, இதை மனதில் வைத்துக்கொள்வாரோ என்பதைத் தவிர வேறு எதுவும் என் மண்டையில் ஏறவில்லை.

அதற்குப் பிறகு அவர் சில வாத்துகளை அடித்தார். கிழட்டுக் கறுப்பு நாய் நீந்திப் போய் எடுத்து வந்தது. அடுத்தது உன்னுடையது என்று துப்பாக்கியை என்னிடம் கொடுத்து, தோளில் எப்படி வைக்க வேண்டும் என்று காட்டினார். ஒரு ஜோடி வந்தது. சுட்டேன். தோள்பட்டையில் யாரோ உதைத்தது போல இருந்தது. ஒரு வாத்து ஆட்டம் கண்டு, சரிந்து, குளத்தின் அந்தக் கோடியில் சம்பங்கோரைக்குள் விழுந்தது. நாய் போனது, சுற்றியது, மூக்கை வைத்துத் தேடியது, வெறும் வாயோடு திரும்பி வந்தது. முதலாளி முகம் சுருங்கிவிட்டது. அடிபட்ட பறவையை விட்டுவிடுவதுதான் இந்த வேலையில் பெரிய அசிங்கமாம். இடைவேளையில் போய்த் தேடுவோம் என்றார். நான் அடித்த வாத்து எங்கேயோ உயிரோடு கிடக்கிறது என்ற நினைப்பில் அந்தக் கோரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

தேட வேண்டியிருக்கவில்லை. பருந்து திரும்பி வந்து இரண்டு வட்டம் போட்டது. நாயும் நானும் காணாததை அது கண்டுவிட்டது. கோரைக்குள் இறங்கி, வாத்தைப் பிடித்து, கோரை மிதிபட்டுக் கிடந்த ஒரு மேட்டுக்கு இழுத்து வந்தது. எங்களுக்கு நேராகத் தெரிந்தது. வாத்தின் ஓர் இறக்கை மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.

"உன் முறை," என்றார் முதலாளி. துப்பாக்கி இன்னும் என் கையில்தான் இருந்தது. "இப்பச் சுடலேன்னா இங்கே ஒவ்வொரு வாரமும் சாப்பாடு கிடைக்கும்னு அது கத்துக்கும். அப்புறம் குஞ்சு பொரிக்கிற காலத்துலயும் இங்கேயேதான் கிடக்கும். சுடு."

என்னோடு வேலை செய்த நாளிலிருந்து அவர் இவ்வளவு அழுத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. குளம் அவருடையது, குஞ்சுகளுக்காக வருஷம் முழுவதும் வேலி கட்டுகிறவர் அவர். என் மூக்குக்கு முன்னால் மகளின் பள்ளிக்கூடப் பை, தகனினி வீட்டின் வாடகை, விசா, எல்லாம் வரிசையாக நின்றன. கருடன் என்பதற்காக மட்டும் என்றால், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் சுட்டிருப்பேன். ஊருக்குப் போனதும் ஒரு கோயிலில் பரிகாரம் செய்துகொள்ளலாம் என்று மனசு அதற்குள் கணக்குப் போட்டுவிட்டது. ஆனால் அந்தப் பருந்து செய்துகொண்டிருந்தது நான் பாதியில் விட்ட வேலை. நான் அரைகுறையாகக் கொன்றதை அது முழுசாகக் கொல்கிறது. அதற்காக அதைச் சுட என் விரல் மடங்கவில்லை.

"ஸாரி," என்றேன். "மாட்டேன்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று நினைத்து நினைத்து அடுத்த சில நாட்கள் எனக்குத் தூக்கம் போனது. அப்போது அதைக் கவனிக்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை. வாத்தின் இறக்கை இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. துப்பாக்கியை அவர் கையில் வைத்துவிட்டு, நாணலை விலக்கி, நேராகத் தண்ணீருக்குள் இறங்கிவிட்டேன்.

அவர் போட்ட கத்தல் கிளீவ்டன் முழுக்கக் கேட்டிருக்கும். என்னைப் பார்த்துக் கத்துகிறார் என்று நினைத்தேன். இல்லை, எதிர்க்கரையைப் பார்த்து. அங்கே அவருடைய தம்பி தாழ்வாக வந்த ஒரு ஜோடி வாத்துக்குக் குறி வைத்துத் துப்பாக்கியை நகர்த்திக்கொண்டு வந்திருக்கிறார். அந்தக் குழாய் வந்து நிற்க வேண்டிய இடத்தில் மார்பளவு தண்ணீரில் நான். தம்பி குழாயை வானத்துக்குத் தூக்கினார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு விதி ஞாபகம் வந்தது. திரும்பவும் முடியவில்லை, முன்னே போகவும் பயம். கால் சேற்றில் இறங்கிக்கொண்டே இருந்தது. எப்படியோ போய்ச் சேர்ந்தேன்.

பருந்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து போனது. வாத்தைக் கையில் எடுத்தேன். சூடாக இருந்தது. கண் திறந்திருந்தது. நாமக்கல்லில் பிறந்தவன், வாழ்நாளில் எத்தனை கோழி தின்றிருப்பேன், ஒன்றின் கழுத்தையாவது நான் திருகியதில்லை. எப்படிக் கொல்வது என்றே தெரியவில்லை. குழந்தையை வைத்துக்கொண்டு நிற்பவன் போல நின்றேன். அழுகை வந்தது. பின்னால் தண்ணீர் சத்தம் கேட்டது. முதலாளி வந்தார்.  வாத்தை வாங்கி, ஒரே திருகு. அதோடு அது அடங்கியது. என் தோளைப் பிடித்துத் திருப்பிக் கரைக்குக் கொண்டுவந்தார்.

அன்றைக்கு வேட்டை அத்துடன் முடிந்தது. திரும்பும் வழியில் அவர் ரேடியோவைக்கூடப் போடவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது தேங்க் யூ என்றேன். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே தலையசைத்தார். அந்தத் தலையசைப்போடு என் ரெசிடென்ஸும் அந்த வண்டியிலேயே போய்விட்டது என்று எனக்குத் தோன்றியது.

நடந்ததை மனைவியிடம் சொன்னேன். கருடனைச் சுடமாட்டேன் என்று சொன்ன இடத்தில் அவள் கையெடுத்துக் கும்பிடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, உங்களுக்குக் குறி வைக்கவே தெரியாதே?"

"தெரியாது."

"அப்புறம் என்ன? எங்கேயாவது பார்த்துச் சுட்டிருந்தா அது பறந்து போயிருக்கும். அவரும் சந்தோஷப்பட்டிருப்பார், பெருமாளும் சந்தோஷப்பட்டிருப்பார். நாலு வருஷமா எல்லாத்துக்கும் யெஸ், யெஸ்னு சொல்லிட்டு, இன்னைக்குத்தானா உங்களுக்கு மாட்டேன்னு வாய் வரணும்?"

அது எனக்குத் தோன்றவே இல்லை. அவள் சொன்ன பிறகு அதுவும் ஒரு புதுக் கவலையாகச் சேர்ந்துகொண்டது. துப்பாக்கி முன்னால் போய் நின்றதை நான் அவளிடம் முதலில் சொல்லவில்லை. இரவுச் சாப்பாட்டின்போது வாய் தவறி வந்துவிட்டது. அதற்கு மேல் அவள் விசாவைப் பற்றிப் பேசவில்லை. தட்டை நகர்த்திவிட்டு மகளின் அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் வேலிக்கு அந்தப் பக்கம் அண்ணன் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். எப்படி இருந்தது என்று கேட்டார். அவரிடமும் முழுக் கதையையும் சொன்னேன். அவர் கையில் ஒரு சட்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். "சுடச் சொன்னா மாட்டன் எண்டு சொல்லலாம் எண்டு எங்களுக்கு ஆரும் சொல்லித்தரேல்ல, தம்பி," என்றார். பிறகு சட்டையை உதறிக் கொடியில் போட்டார். நான் ஒரு பருந்தைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் எதைப் பற்றிச் சொன்னார் என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். முதலாளி வேலைகளைப் பிரித்துக் கொடுத்தார், வழக்கம் போல. வழக்கம் போல என்பதுதான் என்னைக் கொன்றது. காபி வேண்டுமா என்று கேட்கவில்லை. கேட்க மறந்தாரா, வேண்டுமென்றே கேட்கவில்லையா? ஃபோன் அடித்தால் திடுக்கென்றது. எந்த மெஸேஜ் வந்தாலும் விசா ஆபீஸ்தான் என்று நினைத்தேன். ஒரு கறிக்கடையில் ஃபேன் பிளேடைத் தலைகீழாக மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டினேன். இப்படியே சில நாட்கள் போயின. ஊருக்குத் திரும்பினால் நாமக்கல்லில் எந்தக் கிடங்கில் வேலை கேட்கலாம் என்பது வரைக்கும் யோசித்து வைத்துவிட்டேன்.

அந்த வாரத்தின் கடைசியில் த்ரீ கிங்ஸ் பகுதியில் ஒரு சூப்பர்மார்க்கெட்டின் கூல் ரூமில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வேலை செய்ய வேண்டி வந்தது. வேலை முடிந்ததும் அவர் கதவைச் சாத்திவிட்டு ஒரு பால் கிரேட் மேல் உட்கார்ந்தார். எனக்கும் ஒன்றைத் தள்ளினார். குளிரில் அவர் வாயிலிருந்து மூச்சு புகையாக வந்தது.

"உன்னை அன்னைக்கு என் தம்பி கொன்னிருப்பான்," என்றார். "அவனுக்கு இந்த வாரம் முழுக்கத் தூக்கம் இல்லை. எனக்கும் இல்லை. உன் பொண்டாட்டி முன்னால நான் எப்படிப் போய் நின்னிருப்பேன்? ஒரே ஒரு விதி சொன்னேன். நீ யெஸ்னு சொன்னே."

மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் கையால் தள்ளினார்.

"பருந்தைச் சுடாதது சரிதான். நான் அதை உன்கிட்டச் சொல்லியிருக்கக்கூடாது. அடிபட்ட வாத்து என் குளத்துல கிடக்குதுங்கிற கோபம். அது கண்டுபிடிச்சுது, நாம கண்டுபிடிக்கலை. அந்தக் கோபத்தை அது மேல காட்டப் பார்த்தேன்."

 இவ்வளவு நாளும் சுமந்தது ஒரே நொடியில் இறங்கியது போல இருந்தது. அந்த நிம்மதியில், கேட்கக்கூடாது என்று இத்தனை நாள் வாயைக் கட்டி வைத்திருந்த கேள்வி தானாக வெளியே வந்துவிட்டது.

"அப்ப, என் விசா விஷயம்? அதுக்கு ஒண்ணும் ஆகாதே?"

"விசாவா?" அவருக்கு முதலில் புரியவில்லை. "அதை அந்த வெள்ளிக்கிழமையே அனுப்பிட்டேனே. வேட்டைக்கு முதல் நாள். உன்கிட்டச் சொல்லலாம்னுதான் கூட்டிட்டுப் போனேன். காலையில வாத்து வந்ததும் மறந்துட்டேன்."

 பிறகு அவர் கண் மெதுவாக என் முகத்துக்கு வந்து நின்றது. ஏதோ ஒன்றைக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று தெரிந்தது.

"அன்னைக்குக் கையில துப்பாக்கியோட மாட்டேன்னு சொன்னியே," என்றார். "நான் உன் விசாவை நிறுத்திடுவேன்னு நினைச்சுக்கிட்டேதான் சொன்னியா?"

என் வழக்கமான யெஸ் அப்போதும் முன்னால் வந்து நின்றது. அது இந்த முறை உண்மையாக இருந்ததுதான் கொடுமை.

"யெஸ்," என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நாலு வருஷமா இப்படித்தானா?" என்று மட்டும் கேட்டார்.  அவர் எழுந்து, ஸ்பேனர்களைப் பையில் போட்டு, எனக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

குளிர்காலம் முடிவதற்குள் விசா வந்துவிட்டது. மனைவி கேசரி கிண்டினாள், அண்ணன் வீட்டுக்கும் ஒரு டப்பாவில் கொண்டுபோய்க் கொடுத்தாள். முதலாளிக்கும் ஒரு டப்பா கொண்டுபோனேன். வாங்கிக்கொண்டார், வாழ்த்துச் சொன்னார், கை கொடுத்தார். காபி வேண்டுமா என்று அவர் கேட்பது மறுபடி தொடங்கியது. வேட்டைக்கு மட்டும் அவர் என்னை அழைக்கவே இல்லை. இப்போது அழைத்தால், மனசுக்குள் எந்தக் கணக்கும் போடாமல் யெஸ் என்று சொல்வேன்.